சைவ விரால்

கொங்கு மண்ணில் மட்டும் விளைகிறது என்று நான் வெகுநாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த ஒரு மனித இனம், விசாரித்ததில் எல்லா ஊரிலும் தாராளமாகக் கிடைக்கிறது என்று தெரியவந்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இந்த இனத்துக்கு இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை. நான் வைத்துவிட்டேன். 'ரெண்டும் ஒண்ணுதானுங்க.'

உங்களுக்கும் அவரைத் தெரியும். ஸ்குரு டிரைவர் கேட்டால் தேய்ந்துபோன சாவி ஒன்றை நீட்டுவார். பூஜைக்குக் கற்பூரம் தீர்ந்துவிட்டது என்றால் பீரோவைத் திறந்து பாச்சை உருண்டையை எடுத்துக்கொண்டு வருவார். மைத்துனன் மகள் கல்யாணத்துக்குப் போக முடியவில்லையா? தன் சட்டையைத் தன் தம்பிக்குப் போட்டு அனுப்பி, "போட்டோவுல தூரமா நின்னுக்கோ" என்பார். கேட்டால் ஒரே பதில். ரெண்டும் ஒண்ணுதானுங்க.

கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சருக்கு ஒரு கவலை இருக்கும், ஒரு முகவாட்டம் இருக்கும். இவருக்கு இருப்பதெல்லாம் பரவசம். ஒன்றை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்றை வைத்து, அது விழாமல் நிற்கிறதா என்று இரண்டு அடி பின்னால் தள்ளி நின்று பார்க்கும்போது அவர் முகத்தில் வருகிற ஒளியை நீங்கள் பார்க்கவேண்டும். முதல் பேரனைக் கையில் வாங்கியபோதுகூட அந்த ஒளி வந்திருக்காது.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் என் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு அடுத்த காம்பவுண்டில் நிட்டிங் கம்பெனி வைத்திருக்கும் கிட்டுசாமி இந்த இனத்தின் குலக்கொழுந்து. பன்னிரண்டு மெஷின் ஓடுகிறது. நூல் உள்ளே போய்ப் பனியன் துணியாக வெளியே வரும். ஐம்பத்தாறு வயது. சர்க்கரை கூடிவிட்டது, தினமும் மூன்று கிலோமீட்டர் நடந்தே தீரவேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, மனிதர் யோசித்து, கம்பெனி நாயை நடக்கவிட ஒரு ஏற்பாடு செய்தார். நாய் ஒரே மாதத்தில் சிக்கென்று ஆகிவிட்டது. "ஊட்டுல யாரோ ஒருத்தரு நடந்தாச் சரிதானுங்களே" என்றார் என்னிடம். அவர் மனைவி மாரக்காள் பக்கத்தில்தான் இருந்தார். "அப்ப மாத்திரையையும் அதுக்கே போட்டுருலாமுங்க" என்றார், மிகவும் மரியாதையாக.

இப்படிப்பட்ட மனிதர் போன ஆடியில் விரால் வளர்க்க ஆரம்பித்தார்.

கம்பெனிக்குப் பின்னால் மாரக்காளுக்கு அவர் அப்பா எழுதிவைத்த தென்னந்தோப்பு இருக்கிறது. அதன் ஓரத்தில் குட்டை வெட்டி, தார்ப்பாய் விரித்து, தண்ணீர் நிரப்பி, இரண்டாயிரம் விரால் குஞ்சு விட்டார்கள். மாரக்காள் சும்மா இடம் கொடுக்கவில்லை. "ஐப்பசி வரைக்கும் பாப்பனுங்க. உருப்படியா ஒரு கொழம்புக்காச்சும் மீனு வந்தாச் செரி. இல்லாட்டிக் குட்டைய மூடிப்போட்டு எருமை கட்டிருவேன்" என்று நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தார்.

முதல் இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. காரணம், அதில் கிட்டுசாமியின் கை படவில்லை. கடையில் விற்கிற மிதக்கும் தீனியை மூட்டையாக வாங்கிவந்து போட்டார்கள். போட்டவர் ஜெபக்குமார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோரக் கிராமத்தில் பிறந்து, திருப்பூருக்குப் பிழைக்க வந்து, பதினாறு வருஷமாக அதே கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிறவர். கண்ணாடி மேஜைக்கு அடியில் விளக்கு எரிய, மேலே துணி ஓட, ஊசி தவறித் துணியில் விழுந்த கோட்டைத் தூங்கிக்கொண்டே கண்டுபிடிப்பார். யாரும் சொல்லாமலே காலையும் மாலையும் குட்டைக்குப் போய்விடுவார். தீனியை வீசி, மீன்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து லபக்கென்று கவ்வுவதைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்பார். அந்த ஐந்து நிமிஷம் அவர் திருப்பூரில் இருக்கமாட்டார் என்று நான் நினைக்கிறேன்.

வினை ஆவணிக் கடைசியில் வந்தது. தீனி மூட்டைகளைத் துணி ரோல் அடுக்கியிருந்த கொட்டகையிலேயே அடுக்கிவைத்திருந்தார் கிட்டுசாமி. ("குடோனும் குடோனும் ஒண்ணுதானுங்க.") விரால் தீனியில் பாதிக்குப் பாதி மீன்தூள். கடலில் பிடித்த பொடிமீனைக் காயவைத்து அரைத்த தூள். அதன் மணம் எப்படி என்று கேட்காதீர்கள். கருவாட்டுக் கடையே மூக்கைப் பொத்திக்கொள்ளும். துணி வாங்குகிற எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து தரம் பார்க்க வந்த பெண் ஒரு ரோலைப் பிரித்தார். முகத்தருகே கொண்டுபோனார். பிறகு ரோலைக் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல் மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு, "சார், இது பச்சைக்குழந்தைக்குச் சட்டை தைக்கற துணிங்க. பூனை தூக்கிட்டுப் போயிரும்" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் மூட்டையை இடம் மாற்றிவைத்திருப்பார்கள். கிட்டுசாமி மீன்தூளையே மாற்றுவது என்று முடிவுசெய்தார்.

அவர் நினைத்ததில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். இந்த இனத்தின் ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. ஆரம்பம் எப்போதும் சரியாக இருக்கும். "நீங்களே சொல்லுங்க, கடல்ல கெடக்கற மீனப் புடிச்சு அரைச்சுக் குட்டை மீனுக்குப் போடறமே, இது எந்த ஊரு நாயமுங்க? இப்பிடியே போனாக் கடலு காலியாயிருமுங்க. புரதம்தானுங்களே வேணும்? சோயாப் புண்ணாக்குல புரதம், கடலைப் புண்ணாக்குல புரதம், முருங்கைத் தழையிலயும் புரதம். மீனுக்கு வயிறு இருக்குதே தவிர, வயித்துக்குள்ள கண்ணா இருக்குது?" என்று என் மேஜைமேல் ஏறி உட்காராத குறையாகக் கேட்டார். உங்களுக்குப் பதில் தெரிந்திருக்குமா?

அடுத்த வாரமே தயாரிப்பு தொடங்கியது. சோயாப் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, முருங்கைப் பொடி, கோதுமைத் தவிடு, பிடிப்புக்கு மைதாப் பசை. எல்லாம் கலந்து பிசைந்து, உருட்டுவதற்கு மெஷின் வாங்காமல், மாரக்காளின் பித்தளை முறுக்கு அச்சைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மாரக்காள் ஒன்றும் சொல்லவில்லை. மாரக்காள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் எங்கள் வீதியில் எல்லோரும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் பேசுவோம்.

வெயிலில் காய்ந்த முறுக்குகளை ஒடித்துக் குட்டையில் வீசிய நாளில் நானும் உடனிருந்தேன். கிட்டுசாமி வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி வந்திருந்தார். முறுக்குத் துண்டுகள் தண்ணீரில் விழுந்து, மிதக்காமல், நேரே அடிக்குப் போயின. ஒரு விரால் மட்டும் மேலே வந்து, விழுந்துகொண்டிருந்த துண்டைப் பாய்ந்து கவ்வியது. ஒரு நொடி யோசித்தது. துப்பியது.

மீன் துப்பி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அன்றுதான் பார்த்தேன். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் உப்பில்லாத ரசத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாரே, அந்தப் பார்வையையும் பார்த்தது.

"பழகீருமுங்க" என்றார் கிட்டுசாமி.

ஜெபக்குமார் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். "மொதலாளி, ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காதீய. வெரால் வேட்டக்கார மீனு. புண்ணாக்கப் போட்டா மோந்து பாத்துட்டுப் போயிரும். பசி வந்துச்சுன்னா அது வேற சோலி பாக்கும். எம்மவ ஆஷா மீன்வளந்தான் படிக்கா, கடைசி வருசம். ஒரு வார்த்த கேட்டுருவமா?"

கேட்டார்கள். ஜெபக்குமாரின் கைப்பேசி ஒலிபெருக்கியில் ஆஷாவின் குரல் தெளிவாக வந்தது. "ஐயா, நீங்க நெனைக்கிறது நல்ல விஷயம்தான். மீன்தூளக் கொறைக்கத்தான் எல்லாரும் பாக்காங்க. ஆனா மீனுக்கு மீன் வித்தியாசம் இருக்கு. ரோகு, ஜிலேபி மீனுன்னா புண்ணாக்க நல்லாச் சாப்பிடும். விரால் அப்படி இல்ல. அதுக்கு ஒரேயடியா நிறுத்தக்கூடாது. சோயாவப் பக்குவமா வேகவெச்சுப் புளிக்கவெக்கணும், அதுல இல்லாத சத்துகளத் தனியாச் சேக்கணும், வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும். அப்பவும் முழுசா மாத்த முடியாது."

நிட்டிங் ஆட்கள் பத்துப் பேர் சுற்றி நின்றிருந்தார்கள். கிட்டுசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "கண்ணு, விரால் வந்து உங்கிட்டப் பரீட்சை எழுதுச்சா?" என்று போனிடம் கேட்டுவிட்டு, ஜெபக்குமார் பக்கம் திரும்பினார். "ஏனுங்க ஜெபக்குமாரு, நீங்க கடலப் பாத்தவரு. இது குட்டைங்க. கடல் மீனுக்கும் குட்டை மீனுக்கும் வித்தியாசம் தெரியாதவிங்க சொல்லி நாங் கேக்கோணுமா? நீங்க செக்கிங்கை மட்டும் பாருங்க. நாளையிலிருந்து இங்க வரவேண்டாமுங்க."

வாழ்நாளில் முதன்முறையாகக் கிட்டுசாமிக்கு இரண்டு பொருள்களுக்கு நடுவே வித்தியாசம் தெரிந்தது. தெரிந்த இடம்தான் தப்பு.

ஜெபக்குமார் "சரி மொதலாளி" என்றார். போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கொட்டகைக்குத் திரும்பி, ஓடிக்கொண்டிருந்த துணியைப் பார்க்க ஆரம்பித்தார். அன்று மாலை அவர் குட்டைப் பக்கம் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. டீ நேரத்தில் மட்டும் தோப்புப் பக்கம் பார்க்காத பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்தார்.

ஆனால் புரட்டாசியில் ஒரு வேடிக்கை. கிட்டுசாமி என் கம்பெனிக்கு ஓடிவந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். குட்டையில் விரால்கள் புரண்டுகொண்டிருந்தன. சில, உண்மையிலேயே, முன்கை நீளம் இருந்தன. "பாத்தீங்களா வளத்திய! சோயாவுல வந்த ஒடம்புங்க!" என்று குதித்தார். நானும் ஆச்சரியப்பட்டேன். மற்ற மீன்கள் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. இரண்டாயிரம் விட்ட இடத்தில் தண்ணீர் ஏன் இவ்வளவு விசாலமாக இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. பெரிய மீன்கள் சின்ன மீன்களை மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. கிட்டுசாமி மீன்தூளை நிறுத்தினார். மீன்களே மீன்தூள் ஆகிவிட்டன.

இந்தச் சமயத்தில்தான் அவர் 'சைவ விரால்' என்று பெயர் சூட்டினார். ஃபிளெக்ஸ் அடித்தார். அதில் ஒரு பக்கம் விரால், ஒரு பக்கம் சோயாச் செடி, நடுவில் கைகூப்பிய கிட்டுசாமி. ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை மதியம் தோப்பில் முதல் அறுவடை விருந்து என்று சொந்தபந்தம், தொழில் வட்டம் எல்லோருக்கும் அழைப்புப் போனது. சஷ்டி விரதத்தில் இருந்த பங்காளி பொன்னுச்சாமி, தான் வர இயலாது என்று வருத்தம் தெரிவித்தார்.

"அட, நீங்க கட்டாயம் வரோணுமுங்க" என்றார் கிட்டுசாமி. "ஆடு தழை திங்குது, அதனால ஆட்டுக்கறி சைவமான்னு கேப்பீங்க. ஆடு என்னென்ன தின்னுதுன்னு நம்மளுக்குத் தெரியாதுங்க. காகிதம் திங்குது, போஸ்டரு திங்குது. என்ற விரால் சோயா மட்டுந்தான் தின்னுது. முழுசும் சோயாவுல ஆன ஒடம்பு. பாத்தா மீனாட்டத் தெரியும், அவ்வளவுதானுங்க."

பொன்னுச்சாமி இரண்டு நாள் யோசித்தார். பிறகு, வந்து பார்க்கிறேன், ஆனால் குழம்பு மட்டும் ஊற்றிக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். இந்த இனம் தொற்றிக்கொள்ளும் இனம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

விருந்துக்கு முதல் நாள் மாரக்காள் குட்டை ஓரமாகப் போய் ஒரு நிமிஷம் நின்றார். தண்ணீரைப் பார்த்தார். திரும்பி வந்து கடைக்கு ஆள் அனுப்பினார். என்ன வாங்கிவரச் சொன்னார் என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

ஞாயிறு. பதினொரு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டு, நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். மழை பிடித்தது. பிடித்த மழை சாதாரண மழை இல்லை. தென்னை ஓலை நுனியிலிருந்து கயிறு கயிறாக இறங்கியது.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். விரால் துள்ளும் மீன். புதுமழை உடம்பில் பட்டால் கரை ஏறித் தரையில் நெளிந்தே அடுத்த குளத்துக்குப் போகும். மூச்சுக்கும் அதற்குத் தண்ணீர்தான் வேண்டுமென்று இல்லை. இதற்காகவே விரால் குட்டைமேல் நைலான் வலை கட்டுவார்கள். கிட்டுசாமியும் முதலில் கட்டியிருந்தார். வலையில் ஒரு இடம் கிழிந்ததும், தைக்க நேரமில்லாமல், கழித்துப்போட்ட பனியன் துணியைக் குட்டை முழுக்க விரித்துக் கட்டச் சொல்லிவிட்டார். "ரெண்டுலயும் ஓட்டை இருக்குதுங்களே!"

பனியன் துணியின் குணம் திருப்பூரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். நனைந்தால் கனக்கும். கனத்தால் தொங்கும். இழுத்தால் வரும். மழையில் ஊறிய துணி நடுவில் தொட்டிலாகத் தொங்கி, ஒரு பக்கம் கட்டு அவிழ்ந்து, கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே வாகாக ஒரு பாதை போட்டுக்கொடுத்தது. இரண்டு மாதமாக முறுக்கைப் பார்த்துப் பார்த்து நொந்துபோயிருந்த விரால்கள் வேறென்ன செய்யும்?

முதல் விரால் பொன்னுச்சாமியின் செருப்புமேல் வந்து படுத்தது. அவர் அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. "ஏப்பா கிட்டு, இது சைவமாட்டத் தெரியலியே" என்று சொல்லிக்கொண்டே நாற்காலிமேல் ஏறினார். அடுத்து ஒன்று, அடுத்து மூன்று, பிறகு எண்ண முடியவில்லை. புல்லெல்லாம் கறுப்பாக நெளிந்தது. வேட்டிகள் முழங்காலுக்கு மேலே போயின. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேஜைமேல் ஏறினார்கள். மழைத் தண்ணீர் ஓடிய வாய்க்கால் வழியாக ஒரு கூட்டம் நேரே கொட்டகைக்குள் நுழைந்தது. அங்கே ஞாயிறு ஷிப்டில் இருந்த பீகார் பையன்கள் "மச்லி! மச்லி!" என்று கத்திக்கொண்டு மெஷின்களை நிறுத்தி நூல் பெட்டிகள்மேல் ஏறினார்கள். பச்சைக்குழந்தைச் சட்டைக்குப் போகவேண்டிய வெள்ளைத் துணி ரோல்மேல் ஒரு பெரிய விரால் படுத்திருந்தது. மீன்தூள் வாசம் வரக்கூடாது என்றுதானே ஆரம்பித்தார்? இப்போது மீனே வந்துவிட்டது.

நான் சிரித்தேன். ஒப்புக்கொள்கிறேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு கிட்டுசாமியைப் பார்த்து நிறுத்தினேன்.

அவர் மழையில் நடுத்தோப்பில் மண்டிபோட்டு, வேட்டி முழுக்கச் சேறாக, இரண்டு கைகளாலும் ஒரு மீனைப் பிடித்துக் குட்டையில் போட்டுக்கொண்டிருந்தார். சின்ன மீன். தலை மட்டும் பெரிதாக, உடம்பு பென்சில்போல இருந்தது. கையில் வைத்து அதையே பார்த்தார். அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படித்தான். வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. "பசியிலயுங்களா?" என்று என்னைக் கேட்டார். "இத்தன நாளும் இதுக பசியிலயா கெடந்துச்சுங்க?" மழை நீர் எது, மற்றது எது என்று சொல்லமுடியாதபடி முகம் நனைந்திருந்தது.

அப்புறம், "ஜெபக்குமாரு ஊடு எதுங்க?" என்றார்.

ஆள் அனுப்பலாம் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. சேற்று வேட்டியோடு மழையில் நடந்தே போனார். இரண்டு வீதி தள்ளி வரிசை வீட்டில் ஜெபக்குமார் சர்ச்சுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடு அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். விடுமுறைக்கு வந்திருந்த ஆஷாவும் வீட்டில் இருந்தாள். பின்னாலேயே குடையோடு போன நான் வாசலில் நின்று கேட்டதைத்தான் சொல்கிறேன்.

"மீனெல்லாம் வெளிய வந்துருச்சுங்க" என்றார் கிட்டுசாமி.

ஜெபக்குமார் கையைக்கூடக் கழுவவில்லை. "சாக்கு இருக்கா மொதலாளி? நூல் மூட்டச் சாக்கு? நனைச்ச சாக்குல சுத்திப் போட்டா ரெண்டு மணி நேரம் தாங்கும். ஆஷா, வா புள்ள" என்று எழுந்துவிட்டார்.

வந்து, பத்து நிமிஷத்தில் அந்தப் பைத்தியக்காரக் கூத்தை ஒரு வேலையாக மாற்றினார். பீகார் பையன்களுக்குக் கையில் துணி சுற்றிக்கொள்ளச் சொன்னார். விருந்தினர்கள் மேஜையிலிருந்து இறங்கினார்கள். பொன்னுச்சாமி விரதத்தோடு பதினேழு மீன் பிடித்தார். ஆஷா கரையில் உட்கார்ந்து பெரியதைத் தனியாக, சின்னதைத் தனியாகத் தொட்டியில் பிரித்தாள். மழை விட்டபோது உயிரோடு மிஞ்சியது அறுநூற்றுச் சொச்சம். பாதிக்கு மேல் அதற்கு முன்பே உறவுக்கார விரால்களின் வயிற்றுக்குள் போயிருந்தது.

எல்லோரும் பசியில் தள்ளாடியபோதுதான் மாரக்காள் பந்தி போட்டார். சோறு, மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்கச் செக்கச்செவேல் என்று விரால் குழம்பு. மீன் பிடித்த களைப்பில் நாற்பது பேரும் வாரி வாரிச் சாப்பிட்டோம். "விரால் பஞ்சாட்ட இருக்குதுங்க!" என்றார் ஒருவர். "முள்ளே இல்லீங்களே!" என்றார் இன்னொருவர். மூன்றாவது தடவை கேட்டு வாங்கியவரிடம் மாரக்காள் சொன்னார்: "அது மீல் மேக்கருங்க. சோயா. நேத்துக் குட்டையப் பாத்தேன், சொல்லி அனுப்பிட்டேன்."

கிட்டுசாமியின் முகத்தில் அந்தப் பழைய ஒளி மெல்ல எழும்பிவருவதைப் பார்த்தேன். "பாத்தீங்களா, நாஞ் சொன்னனே!" என்று வாயெடுத்தவரை மாரக்காள் ஒரு பார்வை பார்த்தார். ஒளி அணைந்தது.

ஆனால் இனத்தின் குணம் அவ்வளவு சுலபத்தில் போகுமா? விருந்தினர் போனபின் கிட்டுசாமி ஆபீஸ் அறைக்குள் போய், எக்ஸ்போர்ட் சாம்பிள் சட்டை ஆறு, ஒரு ஸ்வீட் பெட்டி, எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து மாரக்காளிடம் நீட்டினார். "ஜெபக்குமாருக்குக் குடுத்துருங்க. நான் சொன்னேன்னு சொல்லிருங்க."

"என்ன சொன்னீங்கன்னு சொல்லட்டுமுங்க?"

"அதா... பையக் குடுத்தா அவருக்கே புரியுமுங்க."

"பதினாறு வருசமா நம்ம துணியில ஓட்டை பாக்கறவரு. பத்துப் பேரு முன்னால அவர வாய்க்கு வந்ததச் சொன்னது உங்க வாயி. சட்டை இல்லீங்க." பையைத் திரும்ப அவர் கையில் திணித்தார். "போய்ச் சொல்லுங்க."

ஜெபக்குமார் தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தார். பையன்களும் அங்கேதான் இருந்தார்கள். கிட்டுசாமி போய் நின்றார். பையைக் கீழே வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். நாற்பது நிட்டிங் கம்பெனிக்காரர்களைக் கூட்டி வைத்துக் கூலிப் பேச்சுவார்த்தை முடித்தவர், அந்த ஒற்றை வாக்கியத்துக்குத் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் அன்னைக்கு உங்களப் பேசுனது தப்புங்க ஜெபக்குமாரு. உங்க புள்ளையவும் பேசிட்டேன். தப்புங்க."

ஜெபக்குமார் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு சின்ன மீனைத் திருப்பிப் பார்த்தார். "சின்னதுக்கு மொதல்ல தீனி போடணும் மொதலாளி. ரொம்ப வாடிப்போயிக் கெடக்கு" என்றார். பிறகு, சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார். கிட்டுசாமி சேற்றிலேயே உட்கார்ந்தார்.

இப்போது தை முடியப்போகிறது. குட்டையை மூடவில்லை. மாரக்காளே தோப்பின் மறுபக்கத்தில் இன்னொரு குட்டை வெட்ட இடம் கொடுத்திருக்கிறார். அதில் ரோகும் ஜிலேபியும் பெரும்பாலும் புண்ணாக்கைத் தின்றே கொழுகொழுவென்று இருக்கின்றன. விராலுக்கு மீன்தூள் திரும்ப வந்தது. ஆஷா எழுதிக்கொடுத்த தாளின்படி, புளிக்கவைத்த சோயாவை வாரத்துக்கு ஒரு கைப்பிடி கூட்டி, மீன்தூளை ஒரு கைப்பிடி குறைத்து, மீன் முகம் சுளித்தால் அங்கேயே நிறுத்தி, மூன்றில் ஒரு பங்குவரை மாற்றியிருக்கிறார்கள். கிட்டுசாமி இதைச் சொல்லும்போது, "நூல மாத்துனா மெஷினுல செட்டிங்கு மாத்தாம ஓட்டுவமுங்களா? முப்பது வருசம் துணி ஓட்டுன எனக்கு இது ஏனுங்க தோணுல?" என்று தன்னைத்தானே திட்டிக்கொள்கிறார். தீனி மூட்டைகள் இப்போது அவருடைய ஆபீஸ் அறையில் இருக்கின்றன. மாரக்காளின் உத்தரவு. அவரைப் பார்க்க வருகிறவர்கள் சீக்கிரம் பேசி முடித்துவிடுகிறார்கள்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். விரால் விஷயத்தில் திருந்திவிட்டார். போன வாரம் கம்பெனி மணி ரிப்பேர் என்று சேவல் ஒன்று வாங்கிவந்து கட்டியிருக்கிறார்.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தீர்கள், நல்லது. நமக்கு நிட்டிங் கம்பெனி இல்லை, குட்டை இல்லை, இந்தப் பேச்சு நம்மைப் பற்றியது இல்லை என்று நிம்மதியாகவும் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இருந்தாலும் ஒன்று செய்யுங்கள். இன்று வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, பேச்சுவாக்கில், "நான் எதையாச்சும் மாத்தறேன்னு கெடுத்திருக்கறனா?" என்று கேட்டுப்பாருங்கள். யாராவது ஒருவர் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று உடனே சொன்னால் பிழைத்தீர்கள். அப்படிச் சொல்லாமல், இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, மூன்றாவது ஆள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எதிலிருந்து ஆரம்பிக்கறது?" என்று கேட்டால், பதறாதீர்கள். சோறு ஆறினாலும் பரவாயில்லை. நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முழுசாகக் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.